இராமாநுஜன் சுமந்த நோய்

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையிலே பாவூர்ச்சத்திரத்திற்கு அண்மையில் வயலும் குளமும் சூழ விளங்குவது எமதூராகிய கீழப்பாவூர். அப்பக்கத்தில் ஒருவர் நோயுற்றால், மேலுக்கு முடியவில்லை என்று சொல்வது வழக்கம். மேல் என்பது உடம்பு. முடியவில்லை என்பது இயலாமை. இச்சொற்றொடரிலே நோயின் பெயர் இல்லை; நோயாளி உணரும் இயலாமை ஒன்றே உண்டு. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். புண் என்றால் கண்ணாற் காணலாம். காரணம் புலப்படாத அயர்ச்சியையோ பிறர்க்குக் காட்டுதல் அரிது. ஆதலின் அவ்வயர்ச்சியுடையார் பலர் சோம்பர் என்னும் பழிச்சொல்லுக்கு ஆளாகின்றனர்.

வயிற்றுநோயுடையார்க்கோ இத்துன்பம் இருமடங்கு. சீதபேதி, கிராணி, குடலழற்சி என்பன பலர் முன்னிலையிற் சொல்ல நாணும் நோய்கள். சொல்லாமையால் பிறர் அறியார், அறியாமையால் இரங்கார். பண்டைக்காலத்திலே சூலைநோயால் வருந்திய திருநாவுக்கரசருக்குச் சென்று சேர்வதற்குத் தமக்கையார் திலகவதியார் இருந்தார். அத்தகைய துணை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நமது நாட்டின் புகழைக் கடல் கடந்து நாட்டிய ஒருவர், பெயர் தெரியாத நோயொன்றைப் பல்லாண்டு சுமந்து, தக்க துணையும் தக்க மருந்தும் உரிய காலத்திற் கிட்டாது, 32ஆம் வயதிலே மறைந்தார். அவரே கணிதமேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன். அவர் கணிதப் பெருமையை எழுதினோர் பலர். அவர் உடம்பின் வரலாற்றையும் உடன் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

எமதூரில் பதினாறு திருக்கரங்களோடு விளங்கும் நரசிம்மர் கோயில் ஒன்று உண்டு. நரசிம்மருக்குப் பேர்பெற்ற மற்றொரு தலம் நாமக்கல். அங்கு எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றிய குடும்பத்திலே, 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தாய்வழிப் பாட்டனார் இருந்த ஈரோட்டில் இராமாநுஜன் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடிச் சிறுபொருள் ஈட்டியவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த சிறிய வீடே அவர் வளர்ந்த இடம். இரண்டு வயதிலே அவருக்கு அம்மை கண்டது, அதனின்று பிழைத்தார்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1898ஆம் ஆண்டு சேர்ந்த அவர், கணக்கிலே ஆசிரியரும் வியக்கத்தக்க நிலையை விரைவில் எய்தினார். 1903ஆம் ஆண்டில் கார் என்பார் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவல் இன்றி அடுக்கிச் செல்லும் அந்நூல், மற்றவர்க்கு வறண்ட பட்டியலாயிருக்க, அவருக்கோ புதையலாயிற்று. அதன்பின் கணிதம் ஒழிந்த பிற பாடங்களில் அவர் மனம் சென்றிலது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறியமையால் அதனை இழந்தார்.

முதல் நோய்

1906ஆம் ஆண்டு இராமாநுஜன் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அவரைக் கொடிய வயிற்றுக்கடுப்பு பற்றியது. படிப்பை இடையே விட்டுக் கும்பகோணம் சென்று மூன்று மாதகாலம் வீட்டிற் கிடந்தார். பின்னர்ச் சென்னைக்கு மீண்டு தேர்வு எழுதினார், தேறவில்லை. அடுத்த ஆண்டும் எழுதினார்; அப்பொழுதும் தேறவில்லை. அவர் மிகவும் பின்தங்கிய பாடம் உடற்கூற்றியல். செரிமானத்தைப் பற்றி எழுத வேண்டிய ஒரு விடைத்தாளில், இது தாம் செரித்துக்கொள்ள இயலாத பாடத்தின் விளைவு என்றும், பொறுத்தருள வேண்டும் என்றும் வேடிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொல்வதுண்டு. கேட்போர் நகைப்பர். ஆயினும் அதே ஆண்டுகளிலேதான் அவர் குடலில் ஒரு நோய் புகுந்திருந்தது என்பதை எண்ணும்போது, அந்நகைப்பு நீண்ட நேரம் நிற்பதில்லை.

வயிற்றுக்கடுப்பு தணிந்ததும் நோய் நீங்கிற்று என்றே யாவரும் கருதினர். நம் நாட்டில் அக்காலத்து இஃது இயல்பு. குளத்துநீரையும் ஆற்றுநீரையும் காய்ச்சாது பருகிய ஊர்களில், வயிறு போதலும் பின் தானே நிற்றலும் மழையும் வெயிலும் போல வந்து போவனவாகக் கொள்ளப்பட்டன. உள்ளே தங்கியது என்ன என்று கேட்பார் இலர்.

1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவருக்கும் ஜானகியம்மாளுக்கும் திருமணம் நடந்தது. சிறிது காலத்தில் விரைவாத நோய் அவரை வருத்தியது. அறுவைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. 1910ஆம் ஆண்டு ஜனவரியில் மருத்துவர் ஒருவர் கூலி வாங்காது அதனைச் செய்து முடித்தார். அதன் பின்னரும் உடல்நலம் குன்றி, சென்னையினின்று ஊருக்கு ரயிலேற்றி அனுப்பப்பட வேண்டிய நிலை ஒருமுறை நேர்ந்தது. அப்போது தம் கணிதக் குறிப்பேடுகளை நண்பர் ஒருவர் கையிற் கொடுத்து, தாம் இறந்துபடின் அவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமாவது, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் அவர்களிடமாவது சேர்ப்பிக்குமாறு வேண்டிக்கொண்டார். இருபத்திரண்டு வயதினர் ஒருவர் தம் முடிவை எண்ணி ஏடுகளுக்கு அடைக்கலம் தேடினார் என்றால், அவர் உடம்பின் நிலையை அவரே எவ்வளவு உணர்ந்திருந்தார் என்பது விளங்கும். அவ்வடைக்கலம் தேடிய இடங்களில் ஒன்று மிஷன் கல்லூரியாயிருந்தது நம் போன்றார்க்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

சென்னை வாழ்க்கை

பட்டமும் இல்லை, பணியும் இல்லை. குறிப்பேடுகளைக் கையிலேந்தி அவர் பெரியோர் பலரை நாடினார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907ஆம் ஆண்டில் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அவர் திறத்தை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார். உதவிப்பணத்தில் நெடுநாள் வாழ விரும்பாத இராமாநுஜன், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தார். அங்கே நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஊக்கமளித்தனர். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குத் திங்களுக்கு 75 ரூபாய் உபகாரச் சம்பளம் வழங்கியது.

காகிதம் விலையுயர்ந்தது, ஆதலின் கற்பலகையிலே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் எழுதி வந்தார். உணவையும் உறக்கத்தையும் மறந்து நெடுநேரம் உழைத்தலும், பின் அடித்துப்போட்டாற்போல் உறங்குதலும் அவர் வழக்கமாயின. இளமையில் இவ்வழக்கம் பெருமையாகத் தோன்றும். அதன் வட்டி பின்னரே கணக்கில் ஏறும்.

கடல் கடந்த பின்

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறிய இராமாநுஜன், ஏப்ரல் 14ஆம் நாள் லண்டன் சேர்ந்தார். பின் கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியை அடைந்தார். ஆகஸ்டில் முதல் உலகப்பெரும்போர் மூண்டது. புலாலுண்ணாத அவர் தம் அறையிலே தாமே சமைத்து உண்டார். போர்க்காலத்தில் காய்கறியும் பிறவும் கிடைப்பது அருமையாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு வேளையே சமைத்தலும், அதனையும் காலம் தவறி உண்ணலும் உண்டாயின. குளிரோ அவர் அறியாத குளிர்.

இவற்றிடையேதான் அவருடைய பெரும்பணிகள் நடைபெற்றன. ஒன்றைச் சான்றாகக் கூறுவோம். 4 என்னும் எண்ணைக் கூட்டற்கூறுகளாகப் பிரிக்கும் வழிகள் ஐந்து: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்பன. எண் பெருகப் பெருக இவ்வழிகளின் தொகை அளவிறந்து பெருகும். 100 என்னும் எண்ணுக்கு அது 190,569,292 ஆகும். எண்ணிப் பாராமலே இத்தொகையைத் தரும் சூத்திரத்தை ஹார்டியும் இராமாநுஜனும் கண்டனர். அது 1918ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது வெளியான காலத்தில் இராமாநுஜன் நோயாளியாய்ப் படுக்கையில் இருந்தார்.

மருத்துவர் பலர், பெயர் பல

1917ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் அவர் உடல்நலம் கெட்டது. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். இரவுதோறும் காய்ச்சல் ஏறும்; பகலில் இறங்கும். உடல் இளைத்தது, வயிற்றில் வலி வந்து போயிற்று, அயர்ச்சியோ நீங்கவேயில்லை. முதலில் இரைப்பைப் புண் என்றனர். பின்னர்க் காசநோய் என்றனர். முன் செய்த அறுவையினின்று பரவிய புற்றுநோயாகலாம் என்று ஐயுற்றாரும் இருந்தனர். ஒவ்வொரு பெயரும் நோயின் ஒரு பகுதிக்குப் பொருந்தியது, முழுவதற்கும் பொருந்தவில்லை.

காசநோய் என்று கொண்டு, அக்டோபரில் மெண்டிப் குன்றுகளிலுள்ள சானடோரியத்திற்கு அவரை அனுப்பினர். அதனை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து என்னும் நம் நாட்டவர். அவரே பிற்காலத்தில் தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு சானடோரியம் அமைத்தவர். அதன்பின் மாட்லாக் என்னுமிடத்துச் சானடோரியத்தில் நெடுங்காலம் இருந்தார். காசநோய்க்கு அக்காலத்து மருந்தாவது திறந்த காற்றே. சன்னல்களைத் திறந்தே வைப்பர். அறையிற் கனல் மூட்டார். காவிரிக்கரையில் வளர்ந்த உடம்பு அக்குளிரில் என்ன பாடுபட்டிருக்கும்! விரல் விறைத்து எழுதவொண்ணாத நிலையில் அவர் ஒரு வழி கண்டார். அவ்விடத்துக் குளியலறைகள் மட்டும் வெதுவெதுப்பாயிருந்தன. ஆதலால், நாள்தோறும் எழுதுகோலும் தாளுமாக அங்கே சென்று ஒருமணி நேரம் போல வேலை செய்யப்போவதாக ஹார்டிக்கு அவர் எழுதினார். நீண்ட உழைப்பு இயலாத உடம்பிலிருந்து நாளுக்கு ஒருமணி நேரத்தை மீட்டுக்கொள்ள முயன்ற இச்செய்தி, அவர் வாழ்வில் எம்மைப் பெரிதும் உருக்கும் செய்திகளுள் ஒன்றாகும்.

நோயாளியாக அவர் எளியவர் அல்லர் என்பதையும் மறைத்தல் தகாது. மருத்துவர் தந்த உணவை மறுத்தார். அறிவுரையைப் பலகால் ஏற்கவில்லை. வீட்டுக் கடிதங்களும் அருகின. காரணம் அறியப்படாத நோயும் தனிமையும் ஒருங்கு சேரின் உள்ளம் தளர்தல் இயற்கை. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றில் அவர் உயிரை வெறுத்துத் தண்டவாளத்தில் வீழ்ந்தார். ஊழியர் ஒருவர் உடனே ரயிலை நிறுத்தியமையால் உயிர் தப்பியது. போலீசார் கையினின்று அவரை மீட்டவர் ஹார்டி. அவ்வாண்டே ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் பெல்லோ ஆனார்; அப்பதவி பெற்ற இந்தியருள் அவரே முதல்வர். ஒரே ஆண்டில் உள்ளத்தின் பெரும்பள்ளமும் புகழின் உச்சியும் அவருக்கு நேர்ந்தன.

பின்னர் லண்டனை அடுத்த பட்னியில் ஒரு மருத்துவ இல்லத்தில் இருந்தபோதுதான், ஹார்டி தாம் ஏறிவந்த வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூற, இராமாநுஜன் படுக்கையிலிருந்தபடியே, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று விடையிறுத்தார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினும், 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினும் 1729 வரும். உடம்பின் அயர்ச்சி அறிவின் அயர்ச்சி ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தாயகம் மீளல்

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. 1919ஆம் ஆண்டு ஜனவரியில் அதற்கு நன்றி கூறி எழுதிய இராமாநுஜன், அத்தொகை தமக்கு மிகையென்றும், பெற்றோர்க்கும் தம் செலவுக்கும் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பள்ளிச் சம்பளம், புத்தகம் முதலியவற்றுக்குப் பயன்படுத்த வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். சம்பளம் கட்ட இயலாத துன்பத்தை அவர் மறந்தாரில்லை.

பிப்ரவரி 27ஆம் நாள் கப்பலேறி, மார்ச்சு 27ஆம் நாள் பம்பாய் வந்து சேர்ந்தார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என இடம் மாற்றியும் நலம் பெறவில்லை. ஜானகியம்மாள் இரவும் பகலும் அருகிருந்து, வலி வந்தபோது வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பேணினார். மணமான பின் அவ்விருவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் பெரும்பாலும் இந்நோய்க்காலமே எனலாம். 1920ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் என இன்று வழங்கும் புதிய கணிதப் பொருளை அவர் வெளியிட்டார். அதன் உள்ளியல்பு 2002ஆம் ஆண்டில்தான் தெளிவாக விளக்கப்பட்டது. இறுதி நாட்கள் வரையிலும் படுக்கையிற் சாய்ந்தபடி கணக்கிட்டுக்கொண்டேயிருந்தார். ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் அவர் ஆவி பிரிந்தது.

நோயின் பெயர்

அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின், 1994ஆம் ஆண்டு, யங் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அந்நோய் காசம் அன்று, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாதல் வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். ஜானகியம்மாள் காலமானதும் அவ்வாண்டிலேயே. அமீபா என்பது மாசுற்ற நீர் வழியாகவும் உணவு வழியாகவும் வயிற்றுட் புகும் நுண்ணுயிர். அது பெருங்குடலில் புண் செய்து கடுப்பை உண்டாக்கும். கடுப்பு தணிந்த பின்னும் பல்லாண்டுகள் குடலில் ஒளிந்திருக்க வல்லது. பின் இரத்தத்தின் வழியே ஈரலை அடைந்து சீழ்க்கட்டி தோற்றுவிக்கும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், வலி, இளைப்பு, அயர்ச்சி என்பன அதன் குறிகள். 1906ஆம் ஆண்டின் வயிற்றுக்கடுப்பையும் 1917ஆம் ஆண்டின் காய்ச்சலையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக அவ்வறிஞர் கண்டார். இஃது ஊகமேயன்றி உறுதியன்று. உடலைச் சோதித்தறிய இனி வழியில்லை. ஆயினும் இதுகாறும் கூறப்பட்ட காரணங்களுள் இதுவே பலவற்றையும் ஒருங்கு இணைப்பது.

இதிற் பெரிதும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசி பயன் தரும் என்பதைக் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் 1912ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். மருந்து உலகில் இருந்தது, நோயாளியும் இருந்தார், இரண்டையும் இணைக்கும் வினா மட்டும் எழவில்லை. முன்பு எப்போதேனும் வயிற்றுக்கடுப்பு கண்டதுண்டா என்னும் எளிய வினாவே அது. வினவினார் இருந்தனரா, வினவியும் இவர் அற்பமென்று விட்டனரா என்பதை இன்று யார் அறிவார்?

நாம் கொள்ளத்தக்கது

நோய்தான் அவரை மேதையாக்கிற்று என்று சொல்வாரும் உளர். அது பொருந்தாக் கூற்று. நோய் அவருக்கு எதனையும் கொடுக்கவில்லை. அவர் நோயினிடமிருந்து பறித்துக்கொண்டதே நமக்குக் கிடைத்தது. இங்கே சார்லஸ் டார்வினை ஒப்பிட்டு நோக்கலாம். கடற்பயணத்தினின்று மீண்ட பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாக வயிற்றுக்கோளாறும் அயர்ச்சியும் அவரை வருத்தின. காரணம் இன்றும் ஒருதலையாகத் துணியப்படவில்லை. அவரோ தம் வலிமையை அளந்து, நாளுக்குச் சில மணி நேரமே உழைத்து, உலாவுதலும் ஓய்தலும் நேரந்தவறாது மேற்கொண்டு, மனைவியாரின் பேணுதலோடு 73 வயது வரை வாழ்ந்தார். இராமாநுஜனுக்கு அவ்வமைதியான வீடும் வாய்க்கவில்லை. தம் வலிமையை அளந்து செலவிடும் பழக்கமும் அமையவில்லை.

நாட்பட்ட குடல்நோயுடையார்க்கு அயர்ச்சி உண்டாதல் உண்மை என்பதை இன்றைய மருத்துவம் ஐயமற ஒப்புகின்றது. குருதி குறைதல், உணவின் சத்து உடலிற் சேராமை, உள்ளழற்சி, உறக்கக்கேடு ஆகியன அதன் காரணங்களுட் சில. குடல் அமைதியாயிருக்கும் காலத்தும் அயர்ச்சி தொடர்வதுண்டு. அப்போது சோதனைத்தாள் குறையொன்றும் காட்டாமலும் போகலாம். தாள் காட்டாமையால் நோயாளி பொய்யுரைத்தார் என்பது பெறப்படாது.

ஆதலின் மாணவ நண்பர்களே, விடுதியில் நும்முடன் உறையும் ஒருவர் அடிக்கடி படுத்துக்கிடப்பாராயின், சோம்பர் என்று எள்ளுமுன் ஒரு சொல் வினவுங்கள். நோயுடையார் நீவிராயின், நாணாது மருத்துவரிடம் பழைய நோய் முழுவதையும் சொல்லுங்கள். தொடங்கிய மருந்தை இடையில் விடாதீர்கள். உள்ள வலிமையைச் சிறிது சிறிதாகப் பகுத்துச் செலவிடுங்கள். நீரைக் காய்ச்சிப் பருகுவதும், கைகழுவி உண்பதும் சிறுசெயல்கள் போலத் தோன்றினும், ஒரு பேருயிரை அவை காத்திருக்கக்கூடும் என்பதை நினையுங்கள். எமதூரார் மேலுக்கு முடியவில்லை என்று சொன்னால், வீட்டிலுள்ள மூத்தோர் நோயின் பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. முதலில் பாயை விரித்துப் படுக்கச் சொல்வர். பெயரை ஆராய்தல் அதன் பின்னரே. அவ்வாறு விரித்துக் கொடுத்தவர் சிலரே இராமாநுஜனுக்கு வாய்த்தனர். அவரும் பெரும்பாலும் காலங்கடந்தே வந்தனர்.